மரத்தூரை உலர்த்தி விறகாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன விறகுக் கடை. சீமைக் கருவேலம்தான் முக்கியச் சரக்கு. அதில் பாதிக்கு மேல் தூர். செங்கல் சூளைக்காரர், கல்யாணச் சமையல்காரர், சொந்தத் தோட்டத்தில் நாலு மரம் வெட்டிவிட்டுத் தூரை என்ன செய்வது என்று விழிக்கிறவர் என்று பலரும் கடைக்கு வந்து ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தூர் என்றால் எது? கண்மாயில் வாருகிறார்களே, அதுவா?

இல்லை. அது வண்டல். நான் சொல்வது மரத்தூர்: மரத்தை வெட்டிய பிறகு தரைமட்டத்தில் நிற்கும் அடிக்கட்டையும், அதோடு சேர்ந்த தடித்த வேர்களும். சில ஊர்களில் வேர்க்கட்டை என்பார்கள். விரல் மொத்தத்துக்குக் கீழே உள்ள சல்லிவேர் கணக்கில் வராது. அதில் விறகைவிட மண்தான் அதிகம்.

மேலே இருக்கும் மரத்தை வெட்டினால் போதாதா? தூருக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?

மரத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தூரிலும் தடித்த வேரிலும் இருக்கிறது. அடிமரம் என்பதால் கட்டை இறுக்கம். நின்று எரியும், தணல் நெடுநேரம் தாங்கும்.

சீமைக் கருவேலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1870களில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு விறகுக்காகவே கொண்டுவரப்பட்ட மரம் அது. தரைக்கு மேலே வெட்டினால் சாகாது, ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் இருப்பதால், வயலை மீட்க நினைக்கிறவர் தூரை எடுத்தே ஆக வேண்டும். எப்படியும் ஜேசிபிக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள். வெளியே வந்த கட்டையை ஒழுங்காகக் காயவைத்தால் அந்தக் காசில் ஒரு பகுதி திரும்பி வரும்.

வெளிநாட்டில் இதையெல்லாம் செய்கிறார்களா?

பின்லாந்தில் 2000-க்குப் பிறகு பெரிய அளவிலேயே செய்தார்கள். அங்கே ஸ்புரூஸ் மரம். அதன் வேர் ஆழம் போகாமல் தட்டு மாதிரி பரவும் என்பதால் எடுப்பது சுலபம். பொக்லைன் போன்ற இயந்திரத்தின் முனையில் கத்தரி பூட்டி, தோண்டும்போதே தூரை இரண்டு மூன்றாகப் பிளந்து, குலுக்கி மண்ணை உதிர்த்து, அங்கேயே சிறு குவியலாக விட்டுவிடுவார்கள். பிறகு சாலையோரம் கொண்டுவந்து அடுக்கி மாதக்கணக்கில் காயவைப்பார்கள். மின் நிலையத்துக்குப் போகும் சமயத்தில்தான் அதை நொறுக்குவது.

நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் வெயிலில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனாலும் அவர்கள் செய்யும் வரிசை சரியானது: முதலில் பிளந்து, மண்ணை உதிர்த்து, காற்றில் போட்டு, கடைசியில்தான் துண்டாக்க வேண்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, விறகு எரியவில்லை என்று வந்து நிற்கிறார்கள்.

எந்த மாதத்தில் தோண்டுவது நல்லது?

தை பிற்பாதி தொடங்கி மாசிக்குள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேல்மண் இறுகாமல் பதமாக இருக்கும் நேரம் அது. சித்திரைக்குத் தள்ளிவிட்டால் கரிசல் பாறையாகிவிடும். கடப்பாரை இறங்காது, ஜேசிபி வாடகை நேரமும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டினால் தூரோடு ஒரு வண்டிச் சேறும் சேர்ந்து வரும்.

மாசியில் எடுத்தால் முன்னால் ஏழு மாதம் இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயில், நடுவில் ஒன்றிரண்டு கோடை மழை, அப்புறம் ஆடிக் காற்று. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லும் அந்தக் காற்றைப் போலத் தூரைக் காயவைப்பது வேறெதுவும் இல்லை. வெயில் மேற்பரப்பைச் சூடாக்கும், உள்ளிருந்து வரும் ஈரத்தை அள்ளிக்கொண்டு போவது காற்றுதான்.

மண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, எரித்தால் சாம்பலோடு போய்விடாதா?

போகாது. தூர் விறகில் ஈரத்தைவிட மண்தான் பெரிய தொல்லை என்பது என் கட்சி. ஈரம் நாளானால் தானாகப் போகும். மண்ணை நாம் எடுத்தால்தான் உண்டு.

சுத்தமான கட்டையை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எடையில் நூற்றுக்கு ஒன்று, பட்டையோடு சேர்ந்தால் இரண்டு மூன்று. மண் அப்பிய தூரில் அது பத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த மணல், விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியத்தோடு சேர்ந்து அதிகச் சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி கட்டியாகும். நாங்கள் அதைச் சிட்டம் என்போம். பாய்லர் தட்டியில் சிட்டம் கட்டினால் காற்று அடைபடும், ஆலையை நிறுத்தி உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பாய்லர் வைத்திருப்பவர்கள் தூர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். வீட்டு அடுப்பில் அந்த அளவுச் சூடு வராது. ஆனால் மண் தணலை மூடி அவித்துவிடும். கோடாரி, மெஷின் ரம்பம் எல்லாம் மழுங்குவது தனிக் கதை.

மண்ணை எடுக்க நான் செய்வது இது. தோண்டின அன்றே ஜேசிபி பக்கெட்டால் தூக்கி இரண்டு தடவை தரையில் போட்டு உதறச் சொல்வேன். மணல் பூமி என்றால் இதிலேயே முக்கால்வாசி உதிர்ந்துவிடும். கடலூர், விழுப்புரம் கடலோரச் சவுக்குத் தோப்புக்காரர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். செம்மண் என்றால் ஒரு வாரம் வெயிலில் விட்டு, பிறகு கடப்பாரையால் தட்டினால் ஓடு மாதிரி விடும். கரிசல்தான் பிடிவாதம். ஈரத்தில் பசை, காய்ந்தால் கல். அதைக் கோடை மழைக்கு விட்டுவிடுங்கள். நல்ல ஒரு மழை கழுவ, அடுத்த நாலு நாள் வெயில் வெடிக்கவைக்க, மூன்றாம் தடவை தட்டும்போது கட்டை பளிச்சென்று வரும்.

பம்ப்செட் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம். மேலே படும் தண்ணீர் இரண்டு நாளில் காய்ந்துவிடும், கட்டைக்குள் போகாது. தண்ணீர் வசதிதான் வேண்டும்.

முழுத் தூராகக் காயப்போடலாமா, பிளக்க வேண்டுமா?

பிளந்தே ஆக வேண்டும், அதுவும் பச்சையில். காய்ந்த சீமைக் கருவேலத் தூரில் கோடாரி போட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோடாரி திரும்பித் துள்ளும். தோண்டிய பத்துப் பதினைந்து நாளுக்குள் பிளந்தால் கூலியும் பாதி.

மரத்துக்குள் ஈரம் நார் ஓடும் திசையில் வேகமாகவும், நாரின் குறுக்கே மிக மெதுவாகவும் நகரும். வெட்டிப்போட்ட கிளையில் இரண்டு முனையும் திறந்திருப்பதால் ஈரம் வெளியேற வழி உண்டு. தூரில் நார் நேராக ஓடாது, ஒவ்வொரு வேருக்கும் ஒரு பக்கம் திரும்பி முறுக்கிக்கொண்டு கிடக்கும். போதாததற்குச் சுற்றிலும் பட்டை. தடிமன் இரண்டு மடங்கானால் காயும் நாள் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடி மொத்தமுள்ள முழுத் தூர் மேலே எலும்பு மாதிரி வெளுத்திருந்தாலும், பிளந்தால் நடுவில் சில்லென்று இருப்பது இதனால்தான்.

பிளக்கும்போது நேரே நடுவில் அடிக்காதீர்கள். ஓரத்திலிருந்து சீவிச் சீவி வாருங்கள். முதலில் வேர்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்துவிட்டால் நடுக்கட்டை தனியாகும். அதில் வெடிப்பு ஓடும் இடம் பார்த்து இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தால் வாய் பிளக்கும். அடிப்பதற்கு முன் கல், கம்பி, ஆணி இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். வேலியோர மரத்தூர் முள்கம்பியை விழுங்கி வைத்திருக்கும். மெஷின் ரம்பம் அதில் பட்டால் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். ஆப்பிலிருந்து சில்லு தெறிப்பதும் உண்டு, கண்ணாடி இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

வெட்டிய மரத்தின் தூரை நிலத்திலேயே ஒரு வருஷம் விட்டால் தானாகக் காய்ந்துவிடாதா?

காயாது. அடியில் வேர் ஈர மண்ணில் இருக்கிறது. துளிர்க்கும் சாதி என்றால் துளிர்க்கும், துளிர்க்காத சாதி என்றால் கரையான் ஏறும். வேப்பந்தூரை இப்படி மூன்று வருஷம் விட்டுவைத்த ஒருவர் கடைசியில் தோண்டியபோது வெளியே பட்டை முழுசாக இருந்தது, உள்ளே புற்று.

எத்தனை நாளில் காயும்?

கைப்பிடி மொத்தத்துக்குப் பிளந்தது மாசியில் போட்டால் வைகாசிக்குள் எரிக்கலாம். தொடை மொத்தம் என்றால் ஆவணி ஆகும். முழுத் தூர் என்றால் அந்த வருஷத்தை மறந்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்குச் சொல்கிறேன். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இதே கணக்குப் போடாதீர்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது 'ணங்' என்னும், ஈரம் 'தொப்' என்னும். பட்டை கையோடு வரும். முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். அடுப்பில் வைத்ததும் மறுமுனையில் நுரை கொப்பளித்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

ஆனால் நான் நம்புவது தராசைத்தான். அடுக்கும்போதே நடுத்தரமான மூன்று நாலு துண்டில் பெயின்ட் தடவி, எடையை எழுதி, எடுக்க வசதியாக அடுக்கின் நடுவில் செருகி வைப்பேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுப்பேன். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை எடை இறங்கவில்லை என்றால், நம் ஊர்க் காற்றில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஈரம் பூஜ்யத்துக்கு வராது. காற்றில் இருக்கும் ஈரத்தோடு சமரசமாகி நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் நின்றுவிடும்.

ஊசி குத்திப் பார்க்கும் ஈர மீட்டர் வாங்கினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெளிப்புறத்தில் குத்தக் கூடாது, புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும். அப்புறம், அந்த மீட்டர்கள் பெரும்பாலும் காய்ந்த கட்டையின் எடைக்கு இவ்வளவு தண்ணீர் என்று காட்டும். விறகு வியாபாரத்தில் பேசுவது மொத்த எடையில் இவ்வளவு தண்ணீர் என்று. மீட்டரில் 25 என்றால் நம் கணக்கில் 20.

கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் என்ன?

கணக்கைப் பாருங்கள். ஈரமே இல்லாத ஒரு கிலோ விறகில் சுமார் 4,500 கிலோ கலோரி சூடு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 600 வேண்டும். பாதி தண்ணீராக உள்ள பச்சைத் தூரில் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோதான் கட்டை, 2,250. அதில் 300 தண்ணீரை விரட்டப் போனால் கிடைப்பது 1,950. அதுவே ஈரம் இருபது சதவீதத்துக்கு வந்தபின் ஒரு கிலோவில் சுமார் 3,480. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. புகை, பாத்திரத்தில் கரி, அடுப்படியில் நிற்கிறவரின் இருமல் இதெல்லாம் கணக்கில் வராதவை.

எப்படி அடுக்குவது? எதால் மூடுவது?

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி வந்ததும் பயந்துபோய், இருந்த தூர் முழுவதையும் கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டால் தரைவரை இழுத்துக் கட்டிவிட்டேன். மழை உள்ளே போகவில்லை என்று பெருமை வேறு. மார்கழியில் பிரித்தால் உள்ளே ஆவி அடித்தது, ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க வியர்வைத் துளி, கட்டையில் வெள்ளைப் பூசணம், நாலைந்து இடத்தில் காளான். தூரில் மீதியிருந்த ஈரம் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியிருக்கிறது.

இப்போது செய்வது: கொஞ்சம் மேடான, மழைத் தண்ணீர் தேங்காத இடம். தரையில் செங்கலோ கல்லோ வைத்து அதன் மேல் பழைய பனஞ்சட்டம். தரைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி. அடுக்கு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். அகலம் நாலைந்து அடிக்கு மேல் போனால் நடுவில் காற்றுப் போகாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் என்பதால் நீளவாக்கு அதற்குக் குறுக்கே, அதாவது வடக்குத் தெற்காக. உயரம் நெஞ்சளவு போதும். தூர்த் துண்டுகள் கோணல் மாணலானவை, கிளை விறகு மாதிரி நெருங்கி உட்காராது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அந்தச் சந்துகளில்தான் காற்று புகுந்து போகிறது. அழுத்தி அடைக்காதீர்கள்.

புரட்டாசி நடுவரை மூடவே வேண்டாம். கோடை மழை படட்டும், மண் கழுவும். அதற்குப் பிறகு மேலே மட்டும் தார்ப்பாய் அல்லது கீற்று, பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். சரிவாகப் போட்டு, ஓரம் ஒன்றரை அடி வெளியே நீட்டிவிட்டால் சாரல் படாது. கீற்று கிடைத்தால் கீற்றே மேல். மூச்சு விடும்.

துண்டு துண்டாக நொறுக்கிக் குவித்து வைத்தால் இடம் மிச்சமாகுமே?

ஈரத்தோடு நொறுக்கிய தூள் விறகைக் குவித்தால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடேறும். குப்பை எருக்குழியில் கைவிட்டால் சுடுகிறதல்லவா, அதே சங்கதிதான். குவியல் பெரிதானால் தானாகவே தீப்பிடித்ததும் உண்டு. கட்டையாகவே காயவையுங்கள், எரிக்கப்போகும் வாரத்தில் நொறுக்குங்கள்.

தென்னந்தூரையும் இப்படிச் செய்யலாமா?

2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி நிறைய வந்தது. தென்னை வேறு சாதி. அதற்கு வைரம், அதாவது கெட்டியான கட்டை, நடுவில் இல்லை, ஓரத்தில். நடுப்பகுதி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும். முழுசாகப் போட்டால் காயாது, மக்கத்தான் செய்யும். மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, அதன் புழுக்கள் அங்கேயே வளர்ந்து, வண்டாகி, மிச்சமிருக்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். விழுந்த மரத்தை வைத்திருந்து நிற்கிற மரத்தையும் கெடுத்துக்கொண்ட கதைதான்.

ஆகவே எடுத்த கையோடு நாலைந்தாகப் பிளந்து, வேர்ப் பகுதியைச் செதுக்கித் தள்ளி, கெட்டியான ஓரக்கட்டையை மட்டும் காயவையுங்கள். அதைச் செங்கல் சூளைக்காரர் எடுப்பார். பிளக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் தோப்புக்குள் வைத்திருக்கவே வைத்திருக்காதீர்கள்.

எரிக்கக் கூடாத தூர் உண்டா?

அரளி, எட்டி, தில்லை இந்த மூன்றும் சமையல் அடுப்புக்கு வேண்டவே வேண்டாம். பெயின்ட் அடித்த, மருந்து ஊற்றிக் கொன்ற தூரும் அப்படியே. புளியந்தூர் நல்ல விறகுதான், ஆனால் அகலமான உறுதியான அடிக்கட்டை என்றால் எரிப்பதற்கு முன் இறைச்சிக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். வெட்டுக்கட்டைக்கு விறகைவிட நல்ல விலை கொடுப்பார்.

பச்சைத் தூரை எடைபோட்டு வாங்கலாமா?

நூற்றுக்கு 45 ஈரமுள்ள ஒரு டன்னில் கட்டை 550 கிலோ. 15 சதவீதத்துக்குக் காய்ந்தபின் எடை சுமார் 650 கிலோ. 350 கிலோ காற்றோடு போச்சு. அதாவது காய்ந்த தூர் விலை பச்சையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தாலும் காய்ந்ததை வாங்குவதுதான் புத்தி. இதில் மண்ணைச் சேர்க்கவில்லை. ஒருமுறை ஒரு லோடு இறக்கிய இடத்தில் தரையைக் கூட்டி நிறுத்துப் பார்த்தேன். விறகு விலைக்கு மண் வாங்கியிருந்தேன். இப்போதெல்லாம் எடை மேடைக்குப் போகும் முன்பே லாரியில் ஏறி நாலு தூரைப் புரட்டிப் பார்த்துவிடுவேன்.

விறகை மூடிப்போட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கும் காயவைக்க வேண்டுமா?

ஆம். ராமநாதபுரம், சிவகங்கை மூட்டங்களில் தூர்க் கரி தனி ரகம். கெட்டியாக, கனமாக இருக்கும். பச்சையாக மூட்டம் போட்டால் அந்தத் தண்ணீரை விரட்டவே உள்ளிருக்கும் விறகில் ஒரு பங்கு எரிந்துவிடும், கரி குறையும். பெரும்பாலும் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. ஈர விறகு என்றால் கரி அதைவிடவும் குறையும்.

கரையான், தேள், பாம்பு?

தரையைத் தொடாமல் அடுக்கினால் கரையான் பாதி ஒழிந்தது. மருந்து அடிக்காதீர்கள், அடுப்பில் எரியப்போகும் பொருள். கட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் எரித்துவிடுங்கள். தேளும் விரியனும் தூர்ச் சந்துகளை விரும்பும். அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு, மேலிருந்து எடுங்கள். அடியில் கைவிட்டு இழுக்கும் பழக்கத்தால் என் சித்தப்பா இரண்டு தடவை தேள் கடி வாங்கியிருக்கிறார். இன்னும் விடவில்லை.

எல்லாத் தூரையும் தோண்டிவிடலாமா?

கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், மலைச்சரிவு இங்கெல்லாம் கை வைக்காதீர்கள். வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. கண்மாய், புறம்போக்கு மரம் ஏலத்தில் எடுத்தவருக்குத்தான் சொந்தம், தூரும் அப்படித்தான். வயலில் எடுத்த குழியை அன்றே மூடுங்கள். ஆடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் விறகில் வந்த லாபம் வைத்தியத்துக்குப் போய்விடும்.

தூர் எரித்த சாம்பலில் பாத்திரம் தேய்க்கலாமா?

சலித்துவிட்டுத் தேய்க்கலாம். சலிக்காமல் தேய்த்தால் மணல் கீறும். எவர்சில்வர் பாத்திரத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்தது என்று எங்கள் வீட்டிலேயே புகார் வந்திருக்கிறது. சலித்தபின் மிஞ்சும் கப்பியைத் தென்னம்பாத்தியில் கொட்டிவிடுவோம்.